தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய பாட்டில்

வியாழக்கிழமை காலை பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களுக்கு அன்று நேரம் சரியில்லை. ஓட்டுநர் முரளி திருப்பாலைவனம் வந்ததும் ஒன்பது பேரைக் கோயிலருகே இறக்கிவிட்டு, பின்னால் வருகிற வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். பத்தாவதாக இருந்த பெண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டு தேவகியின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மேடம், கேஸ்!" என்று வாசலிலிருந்தே கத்தினான்.

தேவகி சென்னையில் அரசு ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன புதிர் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். முரளி தன்னைத்தானே அவருக்கு உதவியாளனாக நியமித்துக்கொண்டவன். நாற்பத்து மூன்று வயது, மூன்று சக்கரம், அடங்காத ஆர்வம்.

வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"என் பேரு பவுனம்மாம்மா. பாலத்துக்கு அந்தாண்ட மேட்டுக்குப்பம். என்னைக் குடிகாரின்னு சொல்லிட்டாங்க."

தேவகி தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது.

மேட்டுக்குப்பத்தில் தேவேந்திரன் என்று ஒருவர். அதே குப்பத்தில் பிறந்து, கப்பலில் முப்பத்து நாலு வருஷம் பணியாற்றி, சாப்பாட்டையும் மதுவையும் கவனிக்கும் தலைமை ஸ்டூவர்டாக ஓய்வு பெற்றவர். மனைவி மக்கள் கிடையாது. உலகத் துறைமுகங்களில் அவர் கற்றுக்கொண்டு வந்தது ஒரே வித்தை: ஸ்காட்ச் விஸ்கியை ருசி பார்த்து மதிப்பெண் போடுவது. அதிலும் எல்லா விஸ்கியும் இல்லை. ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த சிங்கிள் மால்ட்தான். அவர் போடும் மதிப்பெண்ணை நம்பிச் சென்னையில் நானூறு பேர் பாட்டில் வாங்குகிறார்கள். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவே இருக்கிறது. அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற ஊர் அது. இவரை எல்லோரும் மார்க்கு நைனா என்பார்கள்.

அவர் வீட்டில் ஒன்பது வருஷமாகப் பவுனம்மாள்தான் சமையல், பெருக்கல், துடைத்தல் எல்லாம். போன ஞாயிற்றுக்கிழமை தன்னிடமிருந்ததிலேயே உசத்தியான பாட்டிலைத் திறந்தவர், உள்ளே இருந்த அசல் போய்விட்டது, யாரோ குடித்துவிட்டு மட்டமான சரக்கை ஊற்றி நிரப்பி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். கூட இருந்த இரண்டு நண்பர்களும் குடித்துப் பார்த்து ஆமாம் என்றார்கள். வீட்டுக்கு இன்னொரு சாவி வைத்திருந்தது பவுனம்மாள் மட்டும்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஊர் கூடுதும்மா. ஸ்கூல்ல சத்துணவு சமைக்க என் பேரைத்தான் ஊர்ல எழுதிக் குடுத்திருந்தாங்க. குடிக்கறவளை எப்பிடிப் புள்ளைங்க சோத்தாண்ட வுடறதுன்னு இப்ப கேக்கறாங்க. வேலை போனா போவட்டும். என் வூட்டுக்காரர் குடிச்சே செத்தவர்ம்மா. முப்பத்தெட்டு வயசு. என்னைப் போயி..."

"உங்கள் கணவர் அப்படி இறந்திருக்க, அந்த வீட்டில் எப்படி வேலை பார்த்தீர்கள்?" என்று தேவகி கேட்டார்.

"வயித்துக்குத்தான். ஆனா மொத நாளே சொல்லிட்டேன், பாட்டிலு மேல கை வெக்கமாட்டேன், தூசி கூடத் தட்டமாட்டேன்னு. சரின்னாரு. ஒம்பது வருஷமாத் தொட்டதில்ல."

எழுந்து வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அங்க போனீங்கன்னா ஒரு உதவி செய்யுங்கம்மா. கேஸ் சிலிண்டரை மூடிகிறாரான்னு பாருங்க."

முரளிக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, உன்னைத் திருடின்னு தொரத்தினவன் வூட்டு சிலிண்டர் உனக்கு இன்னாத்துக்கு?"

"வயசானவரு. மறந்துடுவாரு," என்று பவுனம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

தேவகி தலையாட்டி அவளை அனுப்பிவைத்தார். அப்போதே இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று பின்னால் பலமுறை வருத்தப்பட்டார்.

அன்று ருசி பார்த்த நண்பர்களில் ஒருவர் ஜெகதீஸ்வரன். திருப்பாலைவனத்திலேயே நெல் பயிரிடுகிறவர், தேவகிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. விஷயத்தை எடுத்ததும் சங்கடத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாங்க குடிகாரங்க இல்லம்மா, அத்த மொதல்ல புரிஞ்சிக்கணும். மாசத்துல ரெண்டு ஞாயிறு, காலைல பத்து மணிக்கு, வெறும் வயித்துல. ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் அளவு. தேவேந்திரன், நானு, பழவேற்காட்டு ஆபிரகாம். ஆபிரகாம் போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர்."

"அந்த உசத்தியான பாட்டில்?"

"முப்பது வருஷம் பீப்பாயில கெடந்த சரக்கு. ஒரு கேப்டன் குடுத்தது. அதும்பேரு எங்க வாய்ல நுழையாது, முப்பது வயசுக்காரன்னுதான் சொல்லுவோம். வருஷத்துக்கு ஒரு தபா, அவர் ரிட்டையரான நாளை ஒட்டி மாசி மாசத்துல, ஆளுக்கு ஒரு மூடி. நாலு வருஷமா அதுக்குத் தொண்ணூத்தாறு மார்க்கு. அதுக்கு மேல எதுக்கும் போட்டதில்ல."

"போன ஞாயிறு என்ன நடந்தது? ஒன்று விடாமல் சொல்லுங்கள்."

"மூணு கிளாஸ்ல ஊத்தினாரு. மோந்தாரு. ரொம்ப நேரம் மோந்துகினே இருந்தாரு. அப்புறம் ஒரு வாய் குடிச்சாரு. மூஞ்சி செவந்துடுச்சி. 'இது செத்துப்போச்சுடா. எவனோ மாத்திட்டான். எரியுது, அவ்ளோதான். உள்ள ஒண்ணுமே இல்ல'ன்னாரு. நாங்களும் குடிச்சிப் பாத்தோம். ஆபிரகாம் ஒரு வாய் உறிஞ்சினதும் கண்ணை மூடிகினு அப்பிடியே உக்காந்துட்டாரு. கண்ணோரம் தண்ணி. இன்னாய்யான்னேன். ஒண்ணுமில்ல, அண்ணன் சொன்னது சரிதான், மட்டமான சரக்குன்னாரு."

"நீங்கள்?"

"நானும் அதான் சொன்னேன்." ஜெகதீஸ்வரன் வேறு பக்கம் பார்த்தார். "எப்பவும் அவர்தான் மொதல்ல மார்க்கு சொல்லுவாரு. நாங்க அப்புறம்."

வெள்ளிக்கிழமை காலை முரளி வண்டியைப் பழவேற்காட்டு மீன் ஏலக் கொட்டகை வழியாக விட்டான். அவனுக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு மூட்டையை இறக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் தேவகி இறங்கி நின்று ஏலத்தைப் பார்த்தார். ஒரு கூடை மடவை மீனுக்கு ஏலம் கூறுகிறவர் ஒரு விலையைச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அந்த விலையை ஒட்டியே ஏறினார்கள், இறங்கினார்கள். வெகு தூரம் யாரும் போகவில்லை.

"மொத வெல சொல்றவன் கைலதான் மேடம் எல்லாம்," என்றான் முரளி. "அவன் நூறுன்னா ஒருத்தனும் முந்நூறுன்னு வாயத் தொறக்கமாட்டான். ஜோக்கர் ஆயிடுவான்ல."

தேவகி வண்டியில் ஏறிக்கொண்டார்.

தேவேந்திரனின் வீடு கடலைப் பார்த்திருந்தது. அறுபத்தேழு வயது, நிமிர்ந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. துப்பறிய வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் மரியாதையாக உட்காரவைத்து, தானே காபி போட்டுக் கொண்டுவந்தார். முரளி ஒரு வாய் குடித்தான், முகத்தைச் சுளித்தான், டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். பால் நன்றாக அடிப்பிடித்துத் தீய்ந்திருந்தது. தேவகி நாகரிகத்துக்காகப் பாதி குடித்தார். தேவேந்திரன் நிதானமாகக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "சமையக்காரி இல்லன்னாலும் எனக்குக் காபி போடத் தெரியும்," என்றார்.

தேவகி கைகழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போனார். சிலிண்டர் திறந்துதான் இருந்தது. ஓர் அடுப்பின் திருகு பாதியில் நிற்க, எரிவாயு வாடை லேசாக வீசியது. திருகை மூடி, சிலிண்டரையும் மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

கூடத்துச் சுவரில் மூன்று தட்டு மர அலமாரி, நாற்பது பாட்டில்கள். உப்புக்காற்று அடிக்கிற வீட்டில் தூசி பறக்காது, பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பாட்டில்களின் இடைவெளியில் துணி போன தடம் தெரிந்தது. ஒவ்வொரு பாட்டிலின் அடியைச் சுற்றியும் துணி தொடாத பிசுக்கு வளையம். அடிக்கடி எடுத்து வைக்கிற பாட்டில்களைச் சுற்றி வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலைந்திருந்தன. மேல்தட்டின் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரே ஒரு வட்டம், விளிம்பு கொஞ்சமும் கலையாமல்.

"முப்பது வயசுக்காரன் அங்கதான் இருந்தான்," என்றார் தேவேந்திரன். "ஞாயித்துக்கிழமைலேர்ந்து பீரோவுல பூட்டி வெச்சிகிறேன்."

"நான் பார்க்கலாமா?"

அவர் தயங்கவில்லை. பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். லேபிளின் ஓரத்தில் வருஷவாரியாகப் பென்சில் கோடுகள். சரக்கின் மட்டம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தது. தக்கையை உருவிப் பாட்டிலை நீட்டினார்.

"மோந்து பாருங்க. இன்னா கீது அதுல? ஒண்ணுமில்ல."

தேவகி மோந்து பார்த்துவிட்டு முரளியிடம் கொடுத்தார். இந்த வாய்ப்புக்காகவே பிறந்தவன் போல அவன் மூக்கை உள்ளேயே விட்டான்.

"யப்பா! கீல் காய்ச்சற வாசம் மேடம். சின்ன வயசுல எங்க மாமா மரப்படகு அடியில பூசறதுக்குத் தார் காய்ச்சுவாரு பாருங்க, அதே வாசம். கூடவே கருவாடு காய்ற பந்தலாண்ட மழை பேஞ்சா மாதிரி."

தேவேந்திரனின் கை அந்தரத்தில் நின்றது. சட்டென்று பாட்டிலை வாங்கித் தக்கையை அழுத்தி மூடினார்.

"ஆட்டோ ஓட்றவனுக்கு இன்னா தெரியும் இதப்பத்தி!"

முரளிக்கு முகம் வாடிவிட்டது. தேவகி கோபப்படாமல், மேசைமேல் கிடந்த மதிப்பெண் நோட்டை இரண்டு நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார். தேவேந்திரனுக்கு மறுக்க மனம் வரவில்லை. தன் எழுத்தை ஒருவர் கேட்டு வாங்கிப் படிக்கிறார் என்றால் எந்த எழுத்தாளனும் கொடுத்துவிடுவான்.

திரும்பும் வழியில் தேவகி நோட்டைப் பிரித்தார். பதினோரு வருஷத்து மதிப்பெண்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நான்கு கட்டம்: மூக்கு, நாக்கு, தொண்டை, மனசு. ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. பக்கத்தில் இரண்டு வரிக் குறிப்பு. ஓரத்தில் நண்பர்களின் மதிப்பெண்.

"இதைக் கேள் முரளி. 'மழைநாளில் காயாத பனியன். இதைக் காசு கொடுத்து வாங்கினவனைப் பார்க்க வேண்டும். அறுபத்தொன்று.'"

முரளி வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"இன்னொன்று. 'நாவல் மரத்தடியில் நின்றுகொண்டு தூரத்தில் யாரோ வெல்லம் காய்ச்சுவதை மோப்பது போல. எண்பத்தெட்டு.'"

பக்கங்கள் புரண்டன. கார்த்திகை மாதத்தில் இரண்டு ஞாயிறு காலி. 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் தேவகியின் விரல் மெதுவாக நகர்ந்தது. எண்பத்தைந்து. எண்பத்தாறு. எண்பத்தைந்து. குறிப்புகளில் தேன், வெனிலா, ஓக் மரம். பாட்டில் அட்டையில் அச்சடித்திருப்பது போல. மூக்கு என்ற கட்டத்தில் அதுவரை ஒன்பதும் இருபத்து நாலுமாகத் துள்ளிக்கொண்டிருந்த எண், அதற்கப்புறம் ஏழு பாட்டிலுக்கும் ஒன்றேதான்: இருபத்தொன்று.

பிறகு அவர் பின்னோக்கிப் போய், நாலு வருஷத்துக்கு முந்தைய மாசி மாதத்தில் முப்பது வயசுக்காரனின் பக்கத்தைத் தேடி மனதுக்குள் படித்தார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா மேடம்?" முரளி கண்ணாடியில் பார்த்தான். "மூஞ்சி ஏன் இப்பிடி ஆயிடுச்சி?"

"கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது," என்றார் தேவகி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேவேந்திரனின் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். ஊர்க்கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஜெகதீஸ்வரனும், வெள்ளைச் சட்டையில் ஒல்லியான ஆபிரகாமும் ஒரு பெஞ்சில். பவுனம்மாள் உள்ளே வரமாட்டேன் என்று நிலைப்படியிலேயே நின்றாள். தேவேந்திரன் மேசைக்குப் பின்னால், பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தேவகி அலமாரியைக் காட்டினார்.

"பவுனம்மாள் பாட்டில்களைத் தொடாமல் சுற்றித்தான் துடைப்பார். அதனால் ஒவ்வொரு பாட்டிலும் எத்தனை முறை எடுத்து வைக்கப்பட்டது என்று இந்தப் பலகையே சொல்லிவிடும். அடிக்கடி எடுத்தவற்றின் வளையம் கலைந்திருக்கிறது. இந்த வட்டம் கலையவில்லை. போன மாசியில் வைத்த பாட்டிலை இந்த மாசியில் நீங்கள் எடுத்தீர்கள். நடுவில் யாருமே எடுக்கவில்லை. எடுக்காத பாட்டிலில் சரக்கை மாற்ற முடியாது."

"அப்ப மூணு பேரு நாக்கும் பொய்யா?" தேவேந்திரனின் குரல் உயர்ந்தது.

"அதற்குத்தான் வருகிறேன். ஆபிரகாம் சார், அன்றைக்கு உங்கள் கண்ணில் ஏன் தண்ணீர் வந்தது?"

ஆபிரகாம் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

"ஒரு பெண்ணின் பேர் போகப்போகிறது, சார்."

"நல்லா இருந்துச்சும்மா," என்றார் ஆபிரகாம், தலையைக் குனிந்தபடியே. "போன வருஷத்தை வுட நல்லா இருந்துச்சு. அவ்ளோ நல்லா இருந்துச்சுன்னுதான் கண்ணு கலங்கிச்சி. ஆனா அண்ணன் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாரே. அவர் எங்க, நான் எங்க? ஸ்டாம்பு ஒட்டிகினு இருந்தவன். என் நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிகினேன்."

ஜெகதீஸ்வரன் மெல்லச் சொன்னார். "எனக்கும் அந்தப் புகை வாசம் வந்துச்சி. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

"பழவேற்காட்டு மீன் ஏலம் மாதிரிதான் நீங்கள் மார்க் போடுகிறீர்கள்," என்றார் தேவகி. "முதல் விலை சொன்னவரை விட்டு யாரும் விலகுவதில்லை. பதினோரு வருஷ நோட்டில் உங்கள் இருவர் மதிப்பெண்ணும் அவருடையதிலிருந்து இரண்டுக்கு மேல் தள்ளிப் போனதே கிடையாது. ஆகவே ருசி பார்த்தது மூன்று பேர் இல்லை. ஒருவர்தான்."

அவர் நோட்டை எடுத்தார். முரளியைத் தன் பக்கம் வரச் சொன்னார்.

"இந்த நோட்டை நீ படித்திருக்கிறாயா?"

"நீங்க படிச்சிக் காட்டின ரெண்டுதான் மேடம்."

"முப்பது வயசுக்காரனைப் பற்றி நாலு வருஷத்துக்கு முன் இவர் எழுதியது இது. 'அப்பா படகுக்குக் கீல் காய்ச்சும் வாசனை. பின்னால் மெல்ல மெல்ல, கருவாட்டுப் பந்தலில் முதல் மழை. வீட்டுக்கு வந்துவிட்டேன். தொண்ணூற்றாறு.'"

முரளி நோட்டை எட்டிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை அவன் சொன்னது எல்லோருக்கும் தெரிந்திருந்தது; அதை அவன் பொன்னேரி வரை சொல்லியிருந்தான்.

"ஆக, பாட்டிலில் இருப்பது அதே சரக்கு. அது மாறவில்லை," என்று சொல்லி தேவகி நிறுத்தினார். மேற்கொண்டு சொல்ல அவருக்கு எல்லாம் கையில் இருந்தது: தீய்ந்த பால், திறந்திருந்த சிலிண்டர், கார்த்திகை மாசத்துக் காய்ச்சல், ஏழு இருபத்தொன்றுகள். ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டு தேவேந்திரனைப் பார்த்தார். சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று நினைத்தார்.

வெளியே யாரோ வலையை உதறும் சத்தம் கேட்டது. தேவேந்திரன் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து, தக்கையை எடுத்து, மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"மூக்கு செத்துப்போச்சு," என்றார். "காய்ச்சல்ல போனது. வரும் வரும்னு பாத்துகினே இருந்தேன். பாட்டிலு அட்டையப் பாத்து எழுதினேன். இவன் மட்டும் என்னைக் கைவுட மாட்டான்னு ஒரு நம்பிக்கை. மாசி வரட்டும், இவனத் தொறந்தா எல்லாம் திரும்ப வந்துடும்னு. தொறந்தேன். இவனும் பேசல." தக்கையை மூடினார். "நான் செத்துட்டேன்னு சொல்ல வாய் வரல. இவன் செத்துட்டான்னு சொல்லிட்டேன். ஒடனே யார் மாத்தினதுன்னு ஜெகதீஸ் கேட்டான். அப்பவாச்சும் நிறுத்தியிருக்கலாம். வூட்டு சாவி யார் கைல கீதுன்னு சொல்லிட்டேன்."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. நிலைப்படியிலிருந்து பவுனம்மாளின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும் நைனா."

தேவேந்திரன் நிமிர்ந்தார்.

"கொழம்பு ஊசிப்போனது தெரியாம தட்டுல போட்டுக்கறப்பவே தெரியும். செவுளத் தூக்கி மோந்து மீன் வாங்கறவரு, கண்ணப் பாத்து வாங்க ஆரம்பிச்சீங்களே, அப்பவே தெரியும். அதுக்கப்புறந்தான் சாயங்காலமும் ஒரு நடை வந்து சிலிண்டரை மூடிட்டுப் போவேன்."

"அப்பறம் ஏன் யக்கா மேடத்தாண்ட சொல்லல?" முரளிக்குத் தாங்கவில்லை. "சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே!"

"அது அவர் சொல்ல வேண்டியது," என்றாள் பவுனம்மாள். "அவருக்கு இருந்ததே அந்த மூக்கு ஒண்ணுதான். அத்த நான் போயி நாலு பேராண்ட சொல்றதா? நைனாவே ஒரு நாள் சொல்லிடுவாருன்னு நாலு நாளு காத்துகினு இருந்தேன். சொல்லல."

பதினோரு மணிக்குக் குப்பத்தின் வலைக் கொட்டகை நிழலில் ஊர் கூடியது. தேவேந்திரன் எழுந்து நின்று மூன்றே வாக்கியம் பேசினார். பவுனம்மாள் எதையும் எடுக்கவில்லை. எனக்கு மோப்பம் போய்விட்டது. அதை மறைக்க இந்தப் பெண்ணின் மேல் பழி போட்டேன். சத்துணவுக்குப் பவுனம்மாள் பேரே இருக்கட்டும் என்று முடிவானது. அந்த வாட்ஸ்அப் குழுவிலும் அதையே எழுதிவிட்டு, அவர் குழுவை விட்டு வெளியேறினார்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கத் தேவகியும் முரளியும் அவர் வீட்டுக்குப் போனபோது, பவுனம்மாளும் சாவியைக் கொடுக்க வந்திருந்தாள். மேசையில் அந்தப் பாட்டிலும் ஒரு கிளாஸும் இருந்தன. கிளாஸில் இரண்டு ஸ்பூன் அளவு ஊற்றியிருந்தது.

"நாளைக்கு வருவியா பவுனு?" என்று கேட்டார் தேவேந்திரன்.

அவள் கையிலிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தாள். அவர் நோட்டை வாங்கி, புதிய பக்கம் புரட்டி, நான்கு கட்டம் போட்டார்.

"வராட்டி போவுது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்கு இனிமே தெரியப்போறதில்ல. ஒம்பது வருஷம் இந்த வாசத்துலதான நீயும் இருந்த? இது எப்பிடி கீதுன்னு நீ சொல்லு. கடைசியா அத்த எழுதி வெச்சிக்கறேன்."

பவுனம்மாள் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகப் பாட்டில் திறந்திருக்கும்போது அந்த மேசையருகே வந்தாள். கிளாஸைத் தொடவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கை மூடவும் இல்லை.

"எனக்கு எல்லாம் ஒரே வாசந்தான் நைனா. நீங்க அறுபத்தொண்ணு போட்டதும் அதான், தொண்ணூத்தாறு போட்டதும் அதான். என் வூட்டுக்காரர் வந்து வாசப்படில நிக்கறப்ப அடிக்குமே, அந்த வாசம்."

சாவியை மேசைமேல் வைத்தாள். உள்ளே போய், சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று ஒரு முறை திருகிப் பார்த்துவிட்டு வந்தாள். தேவகியைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தாள்.

தேவேந்திரன் அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.